டிரைவர் ஷாஃப்ட்: எழுத்தை விடுங்கள், எடையில் தொடங்குங்கள்

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 48, வலக்கை கோல்ஃப் ஆட்டக்காரர், ஹேண்டிகேப் 18, அதாவது நடுத்தரமாக ஆடுகிறவர். டிரைவரில், அதாவது முதல் அடிக்கு எடுக்கிற நீளமான கிளப்பில், ஸ்விங் வேகம் (கிளப்பின் தலையான ஹெட் வரும் வேகம்) மணிக்கு 92 மைல். போன வருடம் ஒரு கடையில் "ஸ்டிஃப் போடுங்க சார், ரெகுலர் எல்லாம் ரிட்டயர் ஆனவங்களுக்கு" என்று சொல்லி, டூர் வீரர்கள், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்கள், போட்டுக்கொள்கிற விலை உயர்ந்த ஷாஃப்ட் (கிளப்பின் கம்பு) ஒன்றை, 70 கிராம் எஸ், மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எஸ் என்பது விறைப்பைக் காட்டும் எழுத்து, ஸ்டிஃப்; இளகிய ரெகுலருக்கு ஆர். அன்றிலிருந்து பந்து தாழ்வாகக் கிளம்பி வலப்பக்கம் போகிறது. "கடப்பாரையைப் பிடித்த மாதிரி இருக்கிறது, ஹெட் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை" என்கிறார். ஃபீல் என்பது நிஜமா மனப்பிரமையா, எந்த ஷாஃப்ட் வாங்கலாம், முழங்கை வலிப்பதால் அயர்ன்களையும் (இரும்புத் தலைக் கிளப்புகள்) ஸ்டீல் ஷாஃப்ட்டிலிருந்து கிராஃபைட்டுக்கு, அதாவது கார்பன் இழை ஷாஃப்ட்டுக்கு, மாற்றலாமா என்று மூன்று கேள்வி.

"ஹெட் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை" என்றீர்களே, பாதிப் பதில் அதில் இருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன். நான் பயிற்சியாளர் இல்லை. வீட்டு மொட்டைமாடி அறையில் இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், ஒரு ஹீட் கன், ஹெட் பக்கம் கைக்கு எவ்வளவு கனமாகத் தெரியும் என்று அளக்க ஒரு ஸ்விங்வெயிட் தராசு வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருடமாக நண்பர்களின் கிளப்புகளைக் கழற்றி மாட்டுகிறவன். என் கிளப்புகளைத்தான் அதிகம் கெடுத்திருக்கிறேன்.

ஃபீல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேறு வேறு சங்கதிகள். ஒன்று, பந்து பட்டதும் கைக்கு வருகிற அதிர்வும் காதுக்கு வருகிற சத்தமும். நடுவில் பட்டால் வெண்ணெய், ஓரத்தில் பட்டால் சுருக்கென்று ஒரு குத்து. இது இனிமையான சமாச்சாரம்தான், ஆனால் அந்த அடிக்கு அது எந்த உதவியும் செய்யாது. ஹெட்டும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அந்த அதிர்வு உள்ளங்கைக்கு வந்து, மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் பந்து பறந்துவிட்டது. வந்தது தந்தி இல்லை, தபால்.

இரண்டாவது, அடிப்பதற்கு முன்னால் வருகிற உணர்வு. கிளப்பை மேலே தூக்கி, திரும்பிக் கீழே இறக்கத் தொடங்குகிற அந்த இடத்தில், ஹெட் பின்னால் இழுப்பதைக் கை உணர்கிறது. ஹெட் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் வரவேண்டும் என்கிற தகவல் அது. அந்தத் தகவல் சரியாக வந்தால் உடம்பு தானாகவே நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். வரவில்லையென்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஹெட்டைத் தேடுவீர்கள். மணிக்கட்டை முன்கூட்டியே அவிழ்ப்பீர்கள், அல்லது தோளால் தள்ளுவீர்கள். ஷாஃப்ட்டை ஃபீலுக்காகத் தேர்ந்தெடுப்பது என்று நான் சொன்னால் இந்த இரண்டாவது ஃபீலைத்தான் சொல்கிறேன். அது மனப்பிரமை இல்லவே இல்லை.

இதற்கு கோல்ஃப் உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1930-இல் ஒரே வருடத்தில் நான்கு பெரிய பட்டங்களையும் ஹிக்கரி மரக் கம்பு போட்ட கிளப்புகளால் வென்றார். மரத்துக்கு எழுத்து கிடையாது, எண் கிடையாது. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் சேர்த்த செட் அது. பின்னாளில் அதைத் தராசில் வைத்துப் பார்த்தபோது ஏறக்குறைய எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன, ஒரே ஒரு அயர்ன் மட்டும் விலகி நின்றது. அந்த அயர்ன்தான் தனக்கு எப்போதும் தொல்லை கொடுத்தது என்று ஜோன்ஸ் சொன்னாராம். கதையில் உப்பு காரம் கொஞ்சம் கூடியிருக்கலாம். ஆனால் வைஸ் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் நான் நம்புகிறேன். 8 கிராம் வித்தியாசத்தைச் சொல்லத் தெரியாத ஆட்கள்கூட, அந்தக் கிளப்பை எடுத்ததும் முகத்தைச் சுளிப்பார்கள்.

நம் ஊரில் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிற ஆசான் என்ன செய்கிறார்? பையனின் நெற்றிக்குக் கம்பை அளக்கிறார், கையில் கொடுத்து இரண்டு சுற்று சுற்றச் சொல்கிறார், பார்த்துவிட்டு வேறு கம்பு கொடுக்கிறார். கம்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. எழுத்து பார்த்து வாங்குகிற பழக்கம் நமக்கு ஸ்டீலோடும் கிராஃபைட்டோடும் வந்தது. அமெரிக்காவில் 1924-இல் ஸ்டீல் ஷாஃப்ட்டை அனுமதித்தார்கள், ஸ்காட்லாந்தில் விதி வகுக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் 1929 வரை இழுத்தடித்தார்கள். 1931-இல் பில்லி பர்க் ஸ்டீல் ஷாஃப்ட்டோடு யூஎஸ் ஓப்பன் வென்ற பிறகு ஹிக்கரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. 1960-களின் கடைசியில் ஷேக்ஸ்பியர் என்ற கம்பெனியில் ஃபிராங்க் தாமஸ் என்ற பொறியாளர் கார்பன் இழையில் ஷாஃப்ட் செய்தார். அந்த ஷேக்ஸ்பியர் நாடகக்காரர் இல்லை, தூண்டில் கம்பு செய்கிற கம்பெனி. எனக்கு இது மிகவும் பிடித்த தகவல். நுனியில் எடை தொங்கும்போது கம்பு எப்படி வளைகிறது, அதைக் கை எப்படி உணர்கிறது என்பது தூண்டில்காரனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

சரி, உங்கள் பந்து ஏன் தாழ்வாக வலப்பக்கம் போகிறது?

ஷாஃப்ட் வில் மாதிரி வளைந்து, அடிக்கும் நேரத்தில் விடுபட்டுப் பந்தை உதைக்கிறது, அதனால் தூரம் கூடுகிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அவ்வளவு கவர்ச்சியாக இல்லை. இறக்கத் தொடங்கும்போது ஹெட் பின்தங்குவதால் ஷாஃப்ட் பின்னால் வளைகிறது, அது சரி. ஆனால் பந்துக்கு அருகில் வரும்போது நடப்பது வேறு. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால், கல் எப்போதும் கையிலிருந்து நேர்க்கோட்டில் வந்து நிற்கப் பார்க்கும் அல்லவா? டிரைவர் ஹெட்டின் எடை மையம் ஷாஃப்ட்டின் கோட்டில் இல்லை. கொஞ்சம் பின்னாலும் கொஞ்சம் வெளியேயும் தள்ளியிருக்கிறது. சுழற்சி வேகம் ஏற ஏற அந்த எடை மையம் கைக்கு நேராக வரப் பார்க்கிறது. ஷாஃப்ட்டின் நுனி வழிவிட்டுத்தானே ஆகவேண்டும்? முன்பக்கமாக வளைகிறது, ஹெட்டின் வெளி முனை கீழ்நோக்கித் தொங்குகிறது. முன்பக்கம் வளைந்தால் ஹெட்டின் முகம் வானத்தைக் கூடுதலாகப் பார்க்கும், கொஞ்சம் இடப்பக்கம் மூடியும் வரும்.

நுனி விறைப்பான ஷாஃப்ட்டில் இந்த முன்வளைவு குறைவு. ஆகவே பந்து தாழ்வாக, சற்று வலப்பக்கம். நுனி இளகிய ஷாஃப்ட்டில் உயரமாக, சற்று இடப்பக்கம். வித்தியாசம் பெரும்பாலும் ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு. வேகத்தில் பெரிய மாற்றம் எதுவும் வராது. இதைப் படித்துவிட்டு "ஒரு டிகிரிக்கா இவ்வளவு அலப்பறை?" என்று கேட்டால் நியாயம்தான். ஒரு டிகிரியை உங்கள் டிரைவரின் கழுத்தில், ஷாஃப்ட் ஹெட்டோடு சேருமிடத்தில் இருக்கிற ஸ்லீவைத் திருகியே சரிசெய்யலாம். உங்கள் விஷயத்தில் சிக்கல் அந்த ஒரு டிகிரி இல்லை. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் ஸ்விங்கில் செய்துகொண்ட மாற்றம்தான்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் இதே குழியில் விழுந்தவன். ஒரு கறுப்பு ஷாஃப்ட், வெள்ளி எழுத்து, 70 கிராம் எக்ஸ், அதாவது எஸ்-ஐவிட விறைப்பு. பார்க்கவே மிரட்டும். என் வேகம் அப்போது 97 மைல். வாங்கிய முதல் வாரம் எல்லாம் தாழ்வாக வலப்பக்கம். இரண்டாம் மாதத்தில் பந்து உயர ஆரம்பித்தது, நான் பழகிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில் பந்தைத் தூக்குவதற்காக உடம்பை வலது காலிலேயே நிறுத்திக்கொண்டு, மணிக்கட்டால் சுண்டிக்கொண்டிருந்தேன். டிரைவரில் அது ஓரளவு ஓடியது. அயர்னில் பந்துக்கு முன்னால் மண்ணைத் தோண்டினேன். ஏழு மாதம். மைதானத்தில் முப்பது வருடமாக எனக்குக் கிளப் பை தூக்குகிற மூத்த உதவியாளர் (caddie) ஒருவர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "சார், பந்து போற எடத்தப் பாக்காதீங்க. பட்ட எடத்தப் பாருங்க." டிரைவர் முகத்தைக் காட்டினார். தேய்ந்த அடையாளம் எல்லாம் உள்பக்கத்தில், ஹெட்டின் குதிகால் எனப்படும் ஷாஃப்ட் பக்க ஓரமாக, ஒரு ரூபாய் அகலத்துக்கு. நடுப்பகுதி கடையில் வாங்கிய அன்று போலவே பளபளத்தது.

அன்றிலிருந்து நான் ஷாஃப்ட்டைத் தேர்ந்தெடுப்பது அந்த அடையாளத்தை வைத்துத்தான். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பந்தின் பின்பக்கம் ஒரு பெரிய புள்ளி வைத்து, புள்ளி ஹெட்டைப் பார்க்கிற மாதிரி டீயில் (பந்தை நிறுத்துகிற சின்ன ஆணி) வையுங்கள். அடித்தால் பட்ட இடத்தில் மை ஒட்டிக்கொள்ளும். துடைத்துவிட்டு அடுத்தது. பத்துப் பந்தின் அடையாளத்தையும் போனில் படம் எடுங்கள். ரேஞ்ச்சில், அதாவது பயிற்சி மைதானத்தில், கிடைக்கிற தேய்ந்த பந்தில் தூரத்தை நம்பவே முடியாது, ஆனால் இந்த மை பொய் சொல்லாது. அடையாளங்கள் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குள் கூடியிருந்தால் உங்களுக்கு ஹெட் எங்கே என்று தெரிகிறது. முகம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி சிதறியிருந்தால் தெரியவில்லை. நடுவிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளிப் பட்டால் போகிற தூரம், எந்த ஷாஃப்ட்டாலும் திரும்ப வராது.

இந்தச் சிதறலை மாற்றுவதில் முதல் இடம் எடைக்கு. டிரைவரின் மொத்த எடை ஏறக்குறைய 310 முதல் 320 கிராம்: ஹெட் 200, கிரிப் 50, மீதி ஷாஃப்ட். ஹெட்டில் யாரும் பெரிதாக விளையாட முடியாது. ஷாஃப்ட் மட்டும் 40 கிராமிலிருந்து 80 வரை கிடைக்கிறது. 10 கிராம் குறைத்தால் வேகம் அரை மைல், ஒரு மைல் கூடலாம். சிலருக்குக் கூடாமலும் போகும். ஆனால் ஸ்விங்கின் தாளம் மாறும். ரொம்ப லேசான கிளப்பைக் கை அவசரமாக இழுக்கும், வெளியிலிருந்து உள்ளே வெட்டும். ரொம்பக் கனமானதை உடம்பு தள்ளிக்கொண்டு வரும், பதினெட்டுக் குழியில் பதினான்காவதுக்குமேல் கை சோர்ந்து பந்து வலப்பக்கம் ஓடும். இரண்டுக்கும் நடுவில் உங்களுக்கான எடை இருக்கிறது, அதற்குச் சூத்திரம் கிடையாது.

சூத்திரம் இல்லை என்பதற்கு இரண்டு பெரிய ஆட்டக்காரர்களே சாட்சி. ரோரி மெக்கிலராய் 120 மைலுக்குமேல் சுழற்றுகிறவர். அவர் டிரைவரில் வெகுகாலம் இருந்தது ஃபுஜிகுரா வென்டஸ் பிளாக், 60 கிராம் வகை. ஹிடெக்கி மட்சுயாமா அவரைவிட மெதுவாகச் சுழற்றுகிறவர், மேலே போய் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு இறக்குகிறவர். அவர் பல வருடங்களாகப் போட்டது கிராஃபைட் டிசைன் டூர் ஏடி டிஐ, 80 கிராம் வகை. 2021 மாஸ்டர்ஸ் வென்றதும் அதோடுதான். வேகத்தை மட்டும் பார்த்து ஷாஃப்ட் கொடுக்கிற கடைக்காரர் இந்த இரண்டு பேருக்கும் தலைகீழாகக் கொடுத்திருப்பார்.

இப்போது அந்த எழுத்துக்கு வருகிறேன். எஸ், ஆர், எக்ஸ் என்று போட்டிருக்கிறதே, அதற்கு உலகப் பொது அளவு என்று ஒன்று கிடையாது. ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ்-ஐவிட விறைப்பாக இருக்கலாம். ஒரே கம்பெனியில், ஒரே பெயரில்கூட 50 கிராம் எஸ்-உம் 70 கிராம் எஸ்-உம் ஒன்றல்ல; பெரும்பாலும் கனமானதுதான் விறைப்பு அதிகம். ஜப்பான் சந்தைக்கு வருகிற டிரைவர்களில் கூடவே வருகிற எஸ், அமெரிக்காவுக்குப் போகிற எஸ்-ஐவிட இளகியிருப்பது வழக்கம். துணிக்கடையில் 'எல்' சைஸ் சட்டை எடுப்பது மாதிரிதான், கடைக்குக் கடை வேறு. சட்டையைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவீர்களா? இதில் "ரெகுலர் ரிட்டயர் ஆனவங்களுக்கு" என்று மானப் பிரச்சினையாக்கினால் யாரால் ஆர் என்று கேட்க முடியும்! எல்பிஜிஏ டூரில் விளையாடுகிற பெண்களின் சராசரி டிரைவர் வேகம் 94 மைல் சுமார். உங்கள் வேகத்துக்கு வெகு அருகில். அவர்கள் பந்து 215, 220 கஜம் காற்றிலேயே போகிறது. அவர்களில் எத்தனை பேர் 50 கிராம் வகையில் இளகிய ஷாஃப்ட் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

எழுத்தைவிட முக்கியம், எந்த இடம் விறைப்பு என்பது. கிராஃபைட் ஷாஃப்ட் செய்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் இது சட்டென்று புரியும். பிசின் தோய்ந்த கார்பன் துணியை வடிவமாக வெட்டி, குறுகிக்கொண்டே போகிற ஒரு இரும்புக் கம்பியில் சுருட்டி, அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவிவிடுகிறார்கள். இழை நீளவாக்கில் ஓடும் துணி வளைவை எதிர்க்கும். 45 டிகிரி சாய்வாக ஓடும் துணி முறுக்கலை எதிர்க்கும். எந்தத் துணியை எந்த இடத்தில் எத்தனை சுற்று என்பதில்தான் ஷாஃப்ட்டின் குணமே இருக்கிறது. பிடிக்கும் பக்கம் இளகியும் நுனி விறைத்தும் ஒன்று, பிடி விறைத்து நுனி இளகி ஒன்று, முழுக்க ஒரே மாதிரி ஒன்று. இறக்கத் தொடங்கும்போது உங்கள் கை உணர்வது பிடியையும் நடுப்பகுதியையும். பந்து எவ்வளவு உயரத்தில் கிளம்புகிறது என்பதில் பேசுவது நுனி. உங்களுக்குக் "கடப்பாரை" என்று தோன்றுகிற ஷாஃப்ட் அநேகமாகப் பிடியிலிருந்து நுனிவரை விறைப்பானது, தாழ்வாகக் கிளப்புவதற்கென்றே செய்தது. 115 மைலில் சுழற்றி, ஸ்பின் (பந்தின் சுழற்சி) அதிகமாகி, இடப்பக்கம் ஹூக்காக வளைத்தடித்துத் திண்டாடுகிற டூர்காரருக்கு அது மருந்து. உங்களுக்கு அந்த நோயே இல்லையே.

டார்க் (torque, முறுக்கு) என்று டிகிரியில் ஒரு எண் போட்டிருக்கும், 3, 4.5 என்று. நுனியைத் திருகினால் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்ற அளவு. குறைவாக இருந்தால் நேராகப் போகும் என்று நினைத்து இதற்காகக் காசு கொட்டாதீர்கள். அதன் பங்கு பெரும்பாலும் கையுணர்வில்தான். உங்கள் வேகத்துக்கு 4-க்கு மேல் இருந்தால் கை நோகாது.

அதைவிட நீளம் எவ்வளவோ முக்கியம். கடையில் வருகிற டிரைவர்கள் 45.5, 45.75 அங்குலம். டூரில் பல பேர் 45 அல்லது அதற்கும் கீழே. ரிக்கி ஃபவுலர் 2017-இல் 43.5-க்கே இறங்கினார். மறுபக்கம் ஃபில் மிக்கெல்சன் 2021 பிஜிஏ சாம்பியன்ஷிப்பை 47.9 அங்குல டிரைவரோடு வென்றார், அவர் கதை வேறு. அடுத்த வருடமே போட்டிகளில் 46-க்குமேல் கூடாது என்று விதிக்கலாம் என ஆகிவிட்டது. முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை எட்டிப் பிடித்தால் கொக்கி காயைத் தவிர எல்லாக் கிளையிலும் படும். ஒரு முழம் குறைத்துப் பிடித்தால் சொன்ன இடத்துக்குப் போகும். அதே கணக்குதான் இதுவும். ஆனால் ஒன்று: அரை அங்குலம் குறைத்தால் ஸ்விங்வெயிட் மூன்று புள்ளி இறங்கும், டி2-வில் இருந்தது டி1, டி0 தாண்டி சி9 ஆகும், ஹெட் காணாமல் போன மாதிரி இருக்கும். ஹெட்டில் 2 கிராம் சேர்த்தால் ஒரு புள்ளி ஏறும். ஈயப்பட்டியை அடிப்பக்கம் ஒட்டினால் போதும்.

ஆகவே உங்கள் வேலை ஒழுங்கு இப்படி. எதையும் வாங்குவதற்கு முன்னால், இருக்கிற டிரைவரில் லாஃப்ட்டை (ஹெட் முகத்தின் சாய்வு) ஒரு டிகிரி கூட்டி, பிடியில் ஒரு அங்குலம் குறைத்துப் பிடித்து, ஹெட் அடியில் 4 கிராம் ஈயம் ஒட்டி, மார்க்கர் வைத்து இருபது பந்து அடித்துப் பாருங்கள். பழைய கிரிப் வழுக்கலாகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். தடித்த கிரிப் போட்டால் கைப்பக்கம் பத்துக் கிராம் கூடி ஹெட் உணர்வு மங்கும், அதனால் இருந்த அளவிலேயே போடுங்கள். இதற்குப் பெரிய செலவு ஆகாது. இதிலேயே அடையாளம் நடுவுக்கு வந்துவிட்டால் ஷாஃப்ட் கடைக்குப் போகவேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். எனக்கு நம்பிக்கை பாதிதான், 70 கிராம் உங்களுக்கு அதிகம் என்றே படுகிறது.

வரவில்லையென்றால், ஒரே ஹெட், ஒரே லாஃப்ட், ஒரே நீளத்தில் மூன்று ஷாஃப்ட் கேளுங்கள்: 50 கிராம் வகையில் ஆர், அதே வகையில் எஸ்ஆர் (ஆருக்கும் எஸ்-க்கும் நடுவில்) அல்லது எஸ், 60 கிராம் வகையில் ஆர். பந்தை நடுத்தர உயரத்தில் கிளப்பும் என்று வகைப்படுத்தியவை. பெயரும் எழுத்தும் தெரியாமல் மூன்றிலும் மறைப்பு டேப் சுற்றச் சொல்லுங்கள். இதைச் சொன்னால் சில கடைகளில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். என் நண்பர் ஒருவர் டேப் சுற்றிய மூன்றில் ஒன்றை எடுத்து "இதுதான், ஹெட் கையிலேயே இருக்கிற மாதிரி இருக்கு" என்று குதித்தார். பிரித்துப் பார்த்தால், போன மாதம் "பொம்பளைங்க ஷாஃப்ட்" என்று அவரே ஒதுக்கியது. முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே.

ஒவ்வொன்றிலும் ஏழு பந்து, எந்த அடியையும் "இது கணக்கில்லை" என்று தள்ளாமல். அப்புறம் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, வரிசையைத் தலைகீழாக்கி இன்னொரு சுற்று. முதல் சுற்றில் புதுசு என்பதாலேயே ஒன்று பிரமாதமாகப் போகும், இரண்டாம் சுற்றில் சாயம் வெளுக்கும். பந்தின் வேகத்தையும் கோணத்தையும் அளக்கிற லாஞ்ச் மானிட்டர் திரையில் எல்லோரும் அதிகபட்சத் தூரத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் பந்து வேகத்தின் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். ஏழு அடியில் ஐந்து ஒன்றையொன்று ஒட்டி இருக்கிற ஷாஃப்ட்தான் உங்களுடையது, அதன் உச்சம் மற்றதைவிட ஐந்து கஜம் குறைவாக இருந்தாலும். உங்கள் வேகத்துக்குப் பந்து 13, 14 டிகிரியில் கிளம்பி, ஸ்பின் நிமிடத்துக்கு 2,500 சுற்றை ஒட்டி வந்தால் ஆசைப்பட வேறொன்றும் இல்லை. உயரம் மட்டும் குறைந்தால் ஸ்லீவில் திருகிக்கொள்ளலாம், அதற்காக நல்ல ஷாஃப்ட்டைத் தள்ளாதீர்கள். உத்தேசமாக நான் சொல்வதென்றால் 55 கிராமை ஒட்டிய ஆர், 45 அங்குலத்தில். பந்தயம் கட்டமாட்டேன்.

முழங்கைக்கு வருவோம். அயர்னில் கிராஃபைட் போட்டால் அதிர்வு குறையும், அது உண்மை. கார்பன் அதிர்வை விழுங்கும், ஸ்டீல் கடத்தும். ஆனால் வலி எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். வாரம் நூறு பந்து ரேஞ்ச் விரிப்பில், அடியில் சிமெண்டுத் தரை வைத்து அடிக்கிறவர்கள் புல்லுக்கு மாறியதுமே பாதி வலி போனதை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவரிடம் காட்டுங்கள், அது என் வேலை இல்லை. ஷாஃப்ட் மட்டும் சொல்கிறேன்.

உங்கள் அயர்னில் டைனமிக் கோல்டு என்ற ஸ்டீல் ஷாஃப்ட் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது வெட்டாத நிலையில் 130 கிராம் சுமார். அதைக் கழற்றிவிட்டு 75 கிராம் கிராஃபைட் போட்டால் 55 கிராம் ஒரே நாளில் காணாமல் போகிறது. ஷாஃப்ட்டில் ஒன்பது கிராம் குறைந்தால் ஸ்விங்வெயிட் ஏறக்குறைய ஒரு புள்ளி இறங்கும் என்பது கணக்கு. ஆறு புள்ளி போனால் டி2 சி6 ஆகிவிடும். அதைச் சரிக்கட்டத்தான் கம்பெனிகள் கிராஃபைட் அயர்னை அரை அங்குலம் நீளமாகச் செய்கின்றன. உங்களுக்கு அது புதுத் தலைவலி. டிரைவரில் ஹெட்டைத் தேடி முடித்த கையோடு அயர்னில் தேட ஆரம்பிப்பீர்கள். இரண்டு நடுவழி உண்டு. ஸ்டீலிலேயே இருக்க வேண்டுமென்றால் நிப்பான் என்எஸ் ப்ரோ 950 மாதிரி நூறு கிராமுக்குக் கீழே இருப்பது. அதிர்வுதான் பிரச்சினை என்றால் ஏரோடெக் ஸ்டீல்ஃபைபர், 95 கிராம் வகை: உள்ளே கார்பன், மேலே மெல்லிய ஸ்டீல் இழை சுற்றியது. மேட் கூச்சர் வருடக்கணக்கில் இந்த வகையைப் போட்டு ஆடியவர். கிராஃபைட் அயர்ன் கிழவர்களுக்கு என்று யாராவது சொன்னால் பிரைசன் டிஷாம்போவைக் காட்டுங்கள், அவர் அயர்னிலும் கிராஃபைட்தான், அவரை யாரும் பலமில்லாதவர் என்று சொல்லமாட்டார்கள்.

செட் முழுவதையும் மாற்றாதீர்கள். 7 அயர்ன் ஒன்றை மட்டும் மாற்றிப் போட்டு ஒரு மாதம் ஆடுங்கள். அந்த ஒரு மாதத்தில் டிரைவரையும் மாற்றினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும், ஒன்று முடிந்த பிறகு ஒன்று. டிரைவர் ஷாஃப்ட்டும் அயர்ன் ஷாஃப்ட்டும் ஒரே கம்பெனியாக இருக்கவேண்டும் என்பதும் தேவையில்லை. டிரைவரில் இருப்பதைவிட அடுத்த நீளக் கிளப்பான 3 வுட்டில் பத்துக் கிராம் கனம், அயர்ன் அதைவிடக் கனம், கிட்டத்து அடிக்கான வெட்ஜ் எல்லாவற்றையும்விடக் கனம் என்று படிப்படியாக ஏறினால் சரி.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. புது ஷாஃப்ட்டை மாட்டும்போது "நுனியில் அரை அங்குலம் வெட்டிடலாமா சார்?" என்று கேட்பார்கள். நுனியை வெட்டினால் ஷாஃப்ட் விறைத்துவிடும். நீங்கள் சோதித்துப் பார்த்ததும் வாங்கியதும் வேறாகிவிடும். டிரைவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீளத்தைப் பிடிப் பக்கத்தில் மட்டும் குறைக்கச் சொல்லுங்கள், அதுவும் முதலில் கால் அங்குலம் கூடுதலாக விட்டு. வெட்டிய பிறகு ஒட்ட முடியாது. பழைய 70 கிராம் எஸ்-ஐ ஸ்லீவோடு விற்றுவிடுங்கள், அந்த எழுத்துக்கே ஆள் தானாக வருவார்கள்.